ஏரியில் விழுந்த ஜீப்பின் பிரேக்

எங்கள் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டினார். லாரி இல்லை, டாக்ஸி இல்லை, ஜீப். மிலிட்டரியில் ஓட்டித் தீர்த்து ஏலம் விட்ட பழைய வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். மேலே தார்ப்பாய், பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பலகை. எட்டுப் பேர் உட்காரலாம் என்று அவர் சொல்வார். பதினாலு பேர் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன், ஆட்டுக்குட்டி தனி.

எங்கள் திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, மலை இடுக்குகளில் நாலைந்து சின்ன ஊர்கள் உண்டு. அந்தக் காலத்தில் அங்கே பஸ் போகாது. மாட்டு வண்டியும் பாதி தூரம்தான். அதற்கு மேல் கல்லும் ஒரு பெரிய ஏற்றமும், ஏற்றம் முடிந்தால் ஓடை. சீத்தாப்பழம், புளி, விறகு, பூ எல்லாம் தலைச்சுமையாகத்தான் இறங்க வேண்டும். எங்கள் ஜீப் ஒன்றுதான் அந்தக் கல்லில் ஏறியது. பிரசவ வலி எடுத்தவளையும் பாம்பு கடித்தவனையும் அவர்தான் இறக்கிக்கொண்டு வருவார். மார்க்கெட்டு முனையில் அவரைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டுப் பேசுவார்கள். அது எனக்குப் பெருமை. இன்றைக்குச் சொல்வதற்கு என்ன, மிகவும் பெருமை.

என் இரண்டாவது பெண் வயதுக்கு வந்த வருஷம், ஐப்பசி மழையில், அந்தப் பெரிய சரிவில் இறங்கும்போது பிரேக் போய்விட்டது. மேலே ஓடையில் சக்கரம் முழுகி வந்திருக்கிறது. இவர் எவ்வளவு அழுத்தி மிதித்தும் வண்டி நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கம் ஒடித்துப் பாறையில் மோதி நிறுத்தினார். யாரும் சாகவில்லை. ஒரு கிழவருக்குத் தோள்பட்டை எலும்பு விலகியது. எங்கள் தெருக்கோடியில் இருந்த பூக்காரிக்கு முன்பல் இரண்டு போனது. விடியக்காலையில் மலை ஊர்களில் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு வந்து, கோயில் படிக்கட்டு அடியில் கட்டி விற்பவள் அவள்.

அன்றிலிருந்து ஒருவரும் ஏறவில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். "நடந்தே போயிடறோம்ங்க, காலுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு, தலையில் மூட்டையோடு, அவர் வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து போனார்கள். அவர் ஒரு வாரம் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே போனார். எட்டாம் நாள் வண்டியை எங்கள் தறிக் கொட்டகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நாலு பக்கமும் கல் அடுக்கி, அதன்மேல் தூக்கி வைத்து, சக்கரங்களைக் கழற்றினார்.

"ஜனங்க ஏறணும்னா வண்டி நிக்கணும். நிக்கிற மாதிரி பண்ணாம இத்த கீழ எறக்க மாட்டேன்" என்றார்.

என் தம்பி அரக்கோணத்தில் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தான். எங்கள் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவோம். அக்கா புருஷன் அவனுக்குப் பாவா. ஞாயிற்றுக்கிழமை வந்தான். சக்கரத்துக்குள்ளிருந்து கழற்றி வைத்த பிரேக் டிரம்மைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா பாவா இது, சொம்பு மூடியா? இத்த வெச்சிகினா மலை எறங்கின நீ?"

"மிலிட்டரிக்காரனே எறங்கினான்டா இதுல."

"அவன் எறங்கி முடிச்சிட்டு வேணாம்னு தூக்கிப் போட்டுட்டான். நீ பொறுக்கிகினு வந்த."

"வாய மூடிகினு வழி சொல்லுடா."

அவன் வழி சொன்னான். பழைய ஜீப்பின் டிரம் ஒன்பது அங்குலம். இப்போது வருகிற புது ஜீப்பில் பதினோரு அங்குலம். டிரம் பெரிதானால் உள்ளே பிடிக்கிற கட்டையும் பெரிதாகும், சரிவில் சூடேறினாலும் தாங்கும். டிரம், அதன் பின்னால் இருக்கும் தட்டு, கட்டை, சக்கரத்துக்கு ஒரு சிலிண்டர், பெடலடியில் இருக்கிற பெரிய சிலிண்டர் எல்லாமே ஒரே வண்டியிலிருந்து ஒரு செட்டாக வர வேண்டும். அதில் ஒன்று, இதில் ஒன்று என்று போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். புதுசாக வாங்குவது எங்கள் சக்திக்கு இல்லை.

"அப்ப எங்கடா கெடைக்கும்?" என்றேன்.

"புது ஜீப்பு எதுனா வுழணும்க்கா" என்றான். சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அப்போது நான் ஒரு பாவம் செய்தேன். மார்க்கெட்டில் ஆந்திராவிலிருந்து வரும் மிளகாய்க்காரர்களிடம், "உங்க பக்கம் ஜீப்பு எதுவும் வுழுந்துதா?" என்று கேட்டேன். இரண்டு மூன்று வாரம் கேட்டேன். கேட்கிற வாய்க்கு அதன் அர்த்தம் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கேட்டேன்.

தை மாதத்தில் விழுந்தது. நகரிக்கு அந்தண்டை ஏரிக்கரை ரோட்டில், கல் குவாரி எடுத்திருந்த ஒரு காண்டிராக்டரின் ஜீப். வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. விடியற்காலையில் கரையிலிருந்து அப்படியே தண்ணீரில் இறங்கிவிட்டது. டிரைவரும் கூட இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். மூன்று பேருமே எங்கள் ஜீப் போகிற மலை ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர்கள், ஒரே தெரு. பிரேக் பிடிக்கவில்லையாம் என்று காண்டிராக்டரின் ஆட்கள் ஊருக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே வண்டி விழுந்தது என்று கேள்விப்பட்டாலும் போய்ப் பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்க இல்லை, தடம் பார்க்க. எங்கே மிதித்தான், எங்கே ஒடித்தான், சக்கரம் எங்கே இழுத்தது என்று மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்காரரும் மறுநாளே பஸ் பிடித்துப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, கை கால் கழுவி, சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை.

"தடமே இல்ல மே" என்றார்.

"இன்னா தடம்?"

"பிரேக்கு புடிக்கலன்னா ஸ்டியரிங்க ஒடிச்சிருப்பான், கியர எறக்கியிருப்பான், கரையோரம் கல்லு மேல ஏத்தியிருப்பான். எதுனா பண்ணியிருப்பான். ஒண்ணும் இல்ல. வளைவு வந்த எடத்துல வளையாம நேரா போய்கினே இருக்குது சக்கரம், கோடு போட்ட மாதிரி. தூங்கிட்டான் பாவம். ராவெல்லாம் கல்லு ஏத்திகினு இருந்தானாம்."

பிறகு தட்டை நகர்த்திவிட்டு, "பிரேக்கு நல்ல பிரேக்கு. அத்த யாரும் மிதிக்கவே இல்ல" என்றார்.

அந்த வண்டியை நகரி ரோட்டில் ஒரு பழைய இரும்புக்காரர் எடுத்து உடைத்தார். எங்கள் வீட்டுக்காரரும் என் தம்பியும் போய், நாலு சக்கரத்துச் சாமானையும் பெடலடிச் சிலிண்டரையும் கழற்றிக் கோணிப்பையில் கட்டி, பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தார்கள். கோணியை முற்றத்தில் அவிழ்த்தபோது ஏரிச் சேற்று வாடை வந்தது. டிரம்முக்குள் பாசி ஒட்டியிருந்தது. ஒன்றில் சின்ன நத்தை ஒன்று காய்ந்துபோய்க் கிடந்தது. நான்தான் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். சேறு போனதும் உள்ளே இரும்பு பளபளவென்று இருந்தது. கட்டையில் ஒட்டியிருந்த லைனிங் தேயவே இல்லை.

"ஓட்டினதே கம்மி. மிதிச்சது அத்தவிட கம்மி" என்றான் தம்பி. "அக்கா, அந்த மண்ணெண்ணெய் கையோட சிலிண்டர் ரப்பரத் தொட்டுடாத. ரப்பர் ஊதிகினா அப்புறம் பிரேக்கு புடிக்கும், வுடாது. பாவா வண்டி கல்யாண ஊர்வலம் மாதிரி போவும்."

வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "எந்த வண்டியோட சாமான்னு யாருகிட்டயும் வாயத் தொறக்காத. மூணு உசுரு போன வண்டி. ஜனங்க பயப்படும்."

"எனக்கு ஒருத்தர் சொல்லணுமா?" என்றேன் நான்.

வேலை ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும், மற்ற நாட்களில் அவர் ஒருவராக. தட்டின் துளையும் அச்சின் துளையும் ஒரு நெல் அளவு ஒத்துப்போகவில்லை. உருண்டை அரத்தை வைத்து இரண்டு நாள் முழுக்கத் தேய்த்தார். என் தறிச் சத்தத்தோடு அந்த அரத்தின் சத்தமும் சேர்ந்துகொள்ளும். டிரம்களை அரக்கோணத்தில் ஒரு லேத்துக் கடையில் கொடுத்துத் தம்பி கடைந்துகொண்டு வந்தான். சிலிண்டருக்குள் போடும் ரப்பர் கிண்ணம் மட்டும் மெட்ராஸ் புதுப்பேட்டையிலிருந்து புதுசாக வந்தது. அந்த ஒன்றில் பழசு ஆகாது என்று சொல்லிவிட்டான்.

எல்லாம் பூட்டிய பிறகு, குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுக்க வேண்டும். பிரேக் எண்ணெயில் ஒரு சொட்டுக் காற்று இருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒருவர் சக்கரத்துக்கடியில் படுத்து ஒரு சின்ன திருகைத் திறப்பார். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். அன்றைக்குத் தம்பி வரவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மே, தறி மிதிக்கிறவ தானே. வந்து இத்த மிதி."

ஓட்டுகிற சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. வெறும் காலால் மிதித்தேன். கீழே வலது பக்கப் பின்சக்கரத்தடியிலிருந்து குரல் வரும். "மிதி." மிதிப்பேன். "இன்னொண்ணு. இன்னொண்ணு. புடி!" அழுத்திப் பிடிப்பேன். அவர் திருகைத் திறப்பார். என் கால் மெல்லக் கீழே இறங்கும். கீழே கண்ணாடி பாட்டிலில் எண்ணெயோடு குமிழி வரும். "வுடாத, வுடாத, நான் மூடறதுக்கு முன்னால வுட்டியானா காத்து உள்ள போயிடும்." மூடுவார். "இப்ப வுடு."

தறிக்குழியில் உட்கார்ந்து பத்து வயதிலிருந்து மிதிபலகை மிதித்த கால் இது. எங்கே அழுத்தினால் எங்கே இழுக்கும் என்று இந்தக் காலுக்குத் தெரியும். மூன்றாவது சக்கரத்துக்கு வரும்போது அவர் சொல்வதற்கு முன்னாலேயே நான் சொன்னேன், "இன்னும் காத்து கீது, நொசநொசன்னுது" என்று. நாலாவது சக்கரம் முடிந்ததும் பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது. அதற்குமேல் என் முழு பலத்தையும் வைத்தேன், போகவில்லை.

"முடிஞ்சுது" என்றேன். அவர் கீழே இருந்து வந்து கையால் பெடலை அமுக்கிப் பார்த்தார். "ஆங், முடிஞ்சுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

அந்தச் சரிவுக்குத்தான் சோதித்துப் பார்க்கப் போனோம். ஆள் கனத்துக்கு மணல் மூட்டை ஏற்றி, தம்பியும் நானும் உட்கார்ந்தோம். வராதே என்றார், நான் கேட்கவில்லை. ஓடையில் வேண்டுமென்றே சக்கரத்தை முழுக விட்டார். பிறகு சரிவில் பாதி இறங்கியதும் மிதித்தார். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. தம்பியின் நெற்றி முன் கம்பியில் இடித்தது.

"பாவா! வண்டிய நிறுத்தச் சொன்னா மனுசன நிறுத்தப் பாக்கறியே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனங்கள் மெல்ல வந்தார்கள். முதலில் ஒரு நிறைமாதக்காரி. வேறு வழி இல்லாமல் ஏறினாள், பத்திரமாக இறங்கினாள். அவள் மாமியார் போய்ச் சொல்லியிருக்கிறாள். பிறகு புளி மூட்டைக்காரர் இரண்டு பேர். பங்குனி பிறப்பதற்குள் பாதி வண்டி நிரம்ப ஆரம்பித்தது. பூக்காரி மட்டும் ஏறவில்லை.

அவளும் நானும் ஒரே குழாயடி. ஒரு நாள் காலையில் எட்டுப் பத்துக் குடம் வரிசையில் இருந்தது. மலை ஊரில் கட்டிக்கொடுத்து, தாய் வீட்டுக்கு வந்திருந்த பெண்கள், அங்கிருந்து சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். அவள் பல் இல்லாத வாயால் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னாமே, உன் வூட்டுக்காரரு வண்டி திரும்ப ஓடுதாமே. மலைமேல சாமி வந்து கைய காட்டினாலும் நிக்காத வண்டியாச்சே அது!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

"இப்ப வந்து பாருடி. உன் மிச்சப் பல்லும் கொட்டற மாதிரி நிக்கும்" என்றேன்.

"ஆங், பழைய இரும்புக் கடைல துரு புடிச்சத்த பொறுக்கி மாட்டினா நிக்காம இன்னா பண்ணும்?"

துரு என்று சொன்னாள் பாருங்கள், அது எனக்குத் தாங்கவில்லை. என் கையால் கழுவிய இரும்பு. என் காலால் மிதித்து எடுத்த காற்று.

"எதுடி துரு? ஆறு மாசம்கூட ஓடாத புது வண்டியோட சாமான் அது. அந்தக் காண்டிராக்டர் ஜீப்பு, ஏரில வுழுந்துதே, அதோட டிரம்மு. உன் பரம்பரைலயே எவனும் பாத்திருக்க மாட்டான்."

யாரும் சிரிக்கவில்லை.

"பிரேக்கு புடிக்காம மூணு பேர சாவடிச்சுதே, அந்த வண்டியா?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள்.

எங்கள் வீட்டில் நாங்கள் தடம் இல்லாத கதையையே பேசிப் பேசி, ஊர் வேறு கதையை நம்பிக்கொண்டிருக்கிறது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "பிரேக்குல ஒரு கொறையும் இல்ல. எங்க வூட்டுக்காரரு போய்த் தடம் பாத்தாரு. டிரைவரு தூங்கிட்டான்" என்றேன். குடம் நிரம்பி வழிந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரிடம் நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவருக்கே தெரிந்துவிட்டது. காலையில் ஐந்து பேர் மட்டும் ஏறினார்கள். மறுநாள் இரண்டு பேர். அவர் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. வண்டியைத் திருத்தணி மலைமேல் ஓட்டிக்கொண்டு போய், கோயில் வாசலில் நிறுத்தி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, குருக்களைக் கூப்பிட்டுக் கற்பூரம் காட்டினார். திருநீறு நாலு சக்கரத்துக்கும் பூசினார். அதைப் பார்த்தவர்கள், "பாரு, காத்துக் கருப்பு இருக்கப்போய்தானே சுத்திப் போடறான்" என்றார்கள்.

அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை, மத்தியானம். அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மார்க்கெட்டு முனைக்குப் போனேன். அன்றைக்குச் சந்தை. வேறு வழி இல்லாதவர்கள் மூன்று பேர் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஏறலாமா வேண்டாமா என்று இன்னும் பத்துப் பேர் மூட்டையோடு சுற்றி நின்றார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு அம்மாள் வந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவளாக இருப்பாள். மலை ஊரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், முழங்கால் வரைக்கும் புழுதி.

"ஏம்பா, என் புள்ள வண்டியோட சாமான மாட்டிகினு ஓட்டறது நீதானா?"

"ஆங், நான்தாம்மா."

"என் புள்ளதான் அந்த டிரைவரு. அவன் தூங்கிட்டான்னு உன் பொண்டாட்டி கொழாயடில சொல்லிச்சாம். ஊரெல்லாம் பேசிகினு கீது. நீ பாத்தியா அவன் தூங்கினத்த?"

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"மத்த ரெண்டு பேரு வூடும் என் தெருவுலதான்" என்றாள் அந்த அம்மாள். அழவில்லை. ரேஷன் கடையில் கணக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "பிரேக்கு புடிக்கலன்னு இருந்த வரைக்கும் அவங்கதான் எனக்குக் கஞ்சி கொண்டாந்து குடுத்தாங்க. எங்க புள்ளயும் போனான், உன் புள்ளயும் போனான்னு ஒண்ணா அழுதோம். இப்ப என்னப் பாத்தா கதவ சாத்திக்கிறாங்க. என் புள்ளதான் அவங்க புள்ளைங்கள கொன்னானாம். நீ வண்டி தெரிஞ்சவன். கழட்டிப் பாத்தவன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. பிரேக்கு புடிச்சுதா, புடிக்கலயா?"

அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். அந்த அம்மாளோடு அவள் தெருக்காரர்கள் இரண்டு பேரும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார்கள். நான் தூக்குச்சட்டியோடு நின்றேன். இவர் உண்மையைச் சொல்லப்போகிறார், இன்றோடு ஊருக்கும் புரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

"புடிக்கலம்மா" என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன்.

"வலது பக்கம் பின்சக்கரம். சிலிண்டருக்குள்ள ரப்பர் கிழிஞ்சிருந்துது. எண்ணெயெல்லாம் ஒழுகிப் போயிருந்துது. நானே என் கையால கழட்டிப் பாத்தேன். உன் புள்ள மிதிச்சிருக்கான். நல்லா மிதிச்சிருக்கான். அது புடிக்கல. அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப உன் பொண்டாட்டி சொன்னது?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அதுக்கு இன்னாம்மா தெரியும் வண்டியப் பத்தி" என்றார்.

அந்த அம்மாள் தெருக்காரர்கள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினீங்களா?" என்றாள். அவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவன் வந்து அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். மூன்று பேரும் ஒன்றாக நடந்து போனார்கள்.

ஜீப்பில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அப்படியே மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். "ரப்பர் இப்ப புதுசு போட்டாச்சுங்க" என்று அவர் சொல்லிப் பார்த்தார். "ரப்பர் புதுசுதாங்க. இரும்பு அதே இரும்புதானே" என்றார் ஒருவர், மரியாதையாகத்தான். நான் தூக்குச்சட்டியைப் பானெட்டின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாலு நாள் நான் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சோறு போடும்போது கேட்டேன். "எனக்கா தெரியாது? அந்தக் காத்த எடுத்தது யாரு காலு?"

"உனக்குத் தெரியும் மே. உன்னவிட யாருக்குத் தெரியும்?" என்றார். நாலு பேர் நடுவில் தெரியாது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தெரியும் என்று சொன்னால் அதை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். விஷயம் தெரிந்ததும் முற்றத்தில் நின்று கத்தினான்.

"ஒரு மாசம் லீவு நாளெல்லாம் இங்க வந்து கெடந்தேனே பாவா! எம்பொண்டாட்டி மூஞ்சிய தூக்கிகினு கெடந்தா. நல்ல பிரேக்க நீயே கெட்ட பிரேக்குன்னு சொல்லிட்டியே!"

"அந்தம்மா அந்தத் தெருவுல குடியிருக்கணும்டா."

"நாம எங்க குடியிருக்கறதாம்?"

தம்பி காப்பி குடிக்காமல் ரயிலுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும்தான் வந்தான். வந்தாலும் வண்டிப் பேச்சை எடுப்பதில்லை.

ஜீப் ஆறு ஏழு மாதம் முற்றத்தில் நின்றது. மாதம் ஒரு தடவை அவர் அதை ஸ்டார்ட் பண்ணி, தெருக்கோடி வரைக்கும் ஓட்டி, ஒரு தடவை மிதித்து நிறுத்தி, திருப்பிக்கொண்டு வருவார். பிறகு புத்தூர்ப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் வந்து கேட்டார். அவருக்கு ஏரிக் கதை தெரியாது, தெரிந்தாலும் மாங்காய்க்கு என்ன பயம்? தெருவில் ஓட்டிப் பார்த்தார். மிதித்ததும் வண்டி நின்ற நிற்பில் அவர் மேல்துண்டு முன்னால் பறந்து விழுந்தது. இறங்கி வந்து, "ஏம் பிரேக்கு நைனா இதி!" என்று தெலுங்கில் வியந்து சிரித்தார். யார் போட்டது என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர், "பழைய சாமான்தான்" என்றார். மாந்தோப்புக்காரர் அன்றைக்கே பணத்தைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒரு பவர்லூம் கொட்டகையில் பாவு நூல் மூட்டை இறக்குகிற வேலைக்குப் போனார். அந்தச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. கடைசி வருஷங்களில் நான் சொல்வது அவருக்குப் பாதி கேட்காது. மலை ஊர் ஜனங்கள் இன்னும் பல வருஷம் தலைச்சுமையாகவே இறங்கினார்கள். பிரசவத்துக்குக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தி ஓடையைத் தாண்டுவதற்குள் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதை நான் அவரிடம் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் காதில் விழாத மாதிரி இருந்தார். விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மாள் சந்தை நாளில் வருவாள். அவரைப் பார்த்தால் நின்று, சுமையை இறக்கி வைத்து, இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள். பக்கத்தில் நான் நிற்பேன். என்னைப் பார்க்க மாட்டாள். என்னை அவள் மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை. நான் சொன்னது பொய் இல்லை. அவள் பிள்ளை தூங்கிவிட்டான். பிரேக் நன்றாகத்தான் இருந்தது.